சில்லை வரையக் கற்றுத்தரும் வாத்தியார்

மலேசியாவின் ஈப்போவில் கார்செம் சில்லு ஆலை 1972இல் தொடங்கியது. பிறகு சிம்பாங் பூலாயில் யூனிசெம் ஆலையும் வந்தது. வெளியில் தயாரான சிலிக்கான் தகடுகள் இங்கே வந்து, நகக்கண் அளவுத் துண்டுகளாக அறுபட்டு, உலோகச் சட்டத்தில் ஒட்டப்படுகின்றன. அடுத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியோ செம்புக் கம்பியோ சில்லின் விளிம்பையும் சட்டத்தின் கால்களையும் இணைக்கிறது. கம்பியின் நுனியைச் சின்ன உருண்டையாக உருக்கி, சூட்டோடு அதிர்வும் கொடுத்து இயந்திரம் பற்றவைக்கிறது. ஒரு பிணைப்பு தளர்ந்தாலும் சோதனையில் சில்லு கழிக்கப்படும். பால்மரத் தோட்டங்களை விட்டுப் பட்டணம் வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் தேர்ந்துவிட்ட வேலை இது.

அந்தச் சில்லுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் வேறெங்கோ தீர்மானிக்கிறார்கள். அந்த வேலையைக் கல்லூரி மாணவர்களிடமே ஒப்படைத்தவர் சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி. அங்கேயே ஆய்வுப் பட்டம் பெற்று 2001இல் ஆசிரியரானவர். 2022 முதல் இயக்குநர். கட்டணமில்லாமல் எவரும் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பை வைத்து அவர் குழு உருவாக்கிய செயலிக் குடும்பம்தான் ‘சக்தி’.

மென்பொருளில் பிழை இருந்தால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். சிலிக்கானில் பதிந்த பிழையைத் திருத்த முடியாது. மாதக்கணக்கில் காத்திருந்து புதிதாக வார்க்க வேண்டும். அதனால் மாணவர்கள் முதலில், உள்சுற்றை வேண்டியபடி மாற்றியமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ பலகையில் செயலியை ஓடவிட்டு, கட்டளை கட்டளையாகச் சரிபார்க்கிறார்கள். 2018இல் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரில் வார்த்த அவர்களது சில்லில் லினக்ஸ் இயங்குதளம் ஓடியது. அதே ஆண்டு சண்டிகரிலுள்ள அரசு ஆலையில் 180 நானோமீட்டரிலும் ஒன்று வார்க்கப்பட்டது. 180 என்பது பழைய நுட்பம்தான். ஆனாலும் வடிவமைப்பு, வார்ப்பு இரண்டுமே உள்நாட்டில் நடந்ததால் எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. இஸ்ரோவுக்காக உருவான ‘ஐரிஸ்’ சில்லு 2025இல் அறிவிக்கப்பட்டது. அதுவும் சண்டிகரில் வார்த்ததே.

ஒரு பேராசிரியரின் உழைப்பை அவர் மாணவர்களை வைத்தும் அளக்க வேண்டும். அவரிடம் ஆய்வு செய்த நீல் காலா, சக்தி குழுவினரோடு சேர்ந்து ‘இன்கோர்’ நிறுவனத்தைத் தொடங்கி, இன்று செயலி வடிவமைப்பையே தொழிலாக நடத்துகிறார். ஆய்வகத்தில் தொடங்கிய வேலை பட்டத்தோடு முடிந்துபோகவில்லை.

2025 மார்ச்சில் மலேசிய அரசு, சில்லு வடிவமைப்பு நிறுவனமான ஆர்மோடு பத்தாண்டுகளுக்கு 25 கோடி அமெரிக்க டாலர் ஒப்பந்தம் செய்தது. சில்லு வடிவமைப்பில் 10,000 பொறியாளர்களுக்குப் பயிற்சி தருவதும் திட்டத்தில் உண்டு. அதில் ஈப்போ இருக்கும் நம் பேராக் மாநிலத்தின் பங்கை நாம் கேட்டு வாங்க வேண்டும். ஈப்போவில் 1969 முதல் உங்கு ஒமார் பாலிடெக்னிக் இருக்கிறது. ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. சக்தியின் மூலநிரலோ இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆர்ட்டி ஏ7 என்ற எஃப்பிஜிஏ பலகை ஒன்று வாங்கினால் அதை ஏற்றி ஓட்டிப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு கல்லூரியிலும் இப்படி ஒரு பலகையும், வகுப்பு முடிந்த பிறகும் மாணவரோடு உட்கார ஓர் ஆசிரியரும் இருந்தால் அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம்.