செந்தேறலின் பருவம்

சங்க நூல்களில் கள்ளைக் குறிக்கும் சொற்கள் பல. கள், மது, நறவு, தோப்பி, மட்டு, பிழி, அரியல், தேறல் என அவை விரியும். இவற்றுள் சில சொற்கள் செய்முறையைச் சுட்டுவன. பிழியப்பெறுவது பிழி, அரிக்கப்பெறுவது அரியல், தெளிந்து நிற்பது தேறல். தேறல் என்பதற்குக் கள்ளின் தெளிவு என்று உரைகாரர் பொருள் கூறிச் செல்வர். அவ்வுரை பொருந்துவதே. ஆயினும், மாணாக்கர் பலர் அதனை வடிகட்டிய கள் என்று மட்டும் கொண்டு மேலே செல்கின்றனர். வடித்தல் வேறு; தெளிதல் வேறு. முன்னையது கையின் தொழில். ஒரு நாழிகையில் முடிவது. பின்னையது காலத்தின் தொழில். அக்காலம் எவ்வளவு என்பதை அறிவதே அரிது.

புறநானூற்றின் 56 ஆம் பாடலில் நக்கீரனார், இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்துமிடத்து, யவனர் கொணர்ந்த தேறலைக் குறிக்கின்றார். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945 ஆம் ஆண்டு வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்த இருகைச் சாடிகளின் உடைந்த பகுதிகள் கிடைத்தமை பலரும் அறிந்தது. நம் நாட்டுத் தேறலைப் பற்றியும் பாட்டுகளில் குறிப்புகள் உள. மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலும், நிலத்திற் புதைத்து முதிர்வித்த தேறலும் அவற்றுட் பேசப்பெறுகின்றன. ஆகவே, தெளிவும் முதிர்வும் ஒருங்கே எண்ணப்பெற்றன என்பது தெளிவு. இவ்விரண்டும் எவ்வாறு ஒன்றாயின என்பதை ஏட்டளவில் நின்று அறிதல் இயலாது. இக்கலை இன்றும் உயிருடன் வழங்கும் இடம் ஒன்றைக் காணல் வேண்டும். பிரான்சு நாட்டின் தென்மேற்கிலுள்ள போர்தோ அத்தகைய இடம். அங்கு விளையும் சிவந்த திராட்சை மதுவை ஈண்டுச் செந்தேறல் என்று வழங்குவோம். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த நாட்டில் இருந்துகொண்டு இதனை எழுதுவது குடியைப் போற்றுதற்கன்று. ஒரு சொல்லின் பின்னுள்ள தொழிலை அறிதற்கே என்க.

யவனர் தேறலும் போர்தோத் தேறலும் ஒன்றென்று கொள்ளற்க. உரோமர் சாடியில் அடைத்து முதிர்வித்தனர். கி.மு. 121 இல் ஒப்பிமியசு என்பான் கான்சலாய் இருந்த ஆண்டின் மது ஏறத்தாழ 200 ஆண்டுகள் கழித்தும் எஞ்சியிருந்தது என்றும், அது தேன்போல் இறுகிவிட்டது என்றும் பிளினி எழுதியுள்ளார். உரோமப் பேரரசு வீழ்ந்தபின் முதிர்விக்கும் வழக்கம் மேலைநாட்டில் மறைந்தது. 1152 இல் அக்கித்தேன் நாட்டு எலியனோர் என்றியை மணந்தாள். இரண்டாண்டில் அவன் இங்கிலாந்தின் அரசனாகவே, போர்தோ ஆங்கிலேயர் ஆட்சியிற் சேர்ந்து 1453 வரை நின்றது. அந்நாளில் ஆண்டுதோறும் கப்பலேறிய மது மரப்பீப்பாயில் கிடந்து, அடுத்த ஆண்டிற்குள் புளித்துப்போவது. புதிய மதுவே விலை மிக்கது, பழையது மலிவு. பழையதே சிறந்தது என்ற கொள்கை, வலிய கண்ணாடிப் புட்டியும் தக்கையும் 17, 18 ஆம் நூற்றாண்டுகளில் பரவிய பின்னரே மீண்டும் தோன்றியது. இஃது உலகில் என்றும் இருந்த உண்மை அன்று.

முதிர்தல் என்பது யாது? செந்தேறலின் நிறமும் துவர்ப்பும் பழத்தின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவன. இளமையில் துவர் மிக்கிருக்கும். கடுக்காயை மென்றார்க்கு நா வறள்வதுபோல வறளும். புட்டியில் அடைபட்ட பின்னர் நிறப்பொருள்களும் துவர்ப்பொருள்களும் ஒன்றோடொன்று மெல்லக் கூடிப் பெருகுகின்றன. பெருகியவற்றுள் ஒரு பகுதி நீர்மத்தில் நிற்க இயலாது வண்டலாய் அடியிற் படிகிறது. நாவற்பழம் போன்ற நிறம் மாறி, கிண்ணத்தின் விளிம்பில் செங்கல் நிறம் தோன்றும்; துவர் மென்மையுறும்; பழத்தின் மணம் தணிந்து, தேவதாரு, புகையிலை, மழையில் நனைந்த சருகு ஆகியவற்றை நினைப்பூட்டும் மணங்கள் எழும். இதில் உயிர்வளிக்குள்ள பங்கினை 1866 இல் வெளிவந்த தம் நூலில் பாசுத்தர் ஆய்வுகளால் காட்டினார். வண்டல் வீழ்தல் குற்றமன்று, முதிர்ச்சியின் சான்று. தெளிவு முதிர்வின் பயனாய் வருவதை இங்குக் கண்கூடாகக் காணலாம். இதுவே தேறல் என்ற சொல்லின் உட்பொருள் என்பது என் கருத்து.

எல்லாத் தேறலும் முதிர்தற்குரியன அல்ல. போர்தோவின் எளிய செந்தேறல் நாலைந்து ஆண்டுகளுக்குள் பருகப்படுவதற்கென்றே செய்யப்பெறுவது. அதனை 20 ஆண்டு காத்தவன் புளித்த நீரையே பெறுவான். துவரும் புளிப்பும் பழச்சாரமும் மூன்றும் நிறைந்தவையே நெடுநாள் நிற்பன. அவற்றை அடையாளம் காட்டும் பட்டியல்களுள் 1855 ஆம் ஆண்டுப் பாரிசுப் பொருட்காட்சிக்கென வகுக்கப்பெற்ற ஐவகைத் தரவரிசை பெயர் பெற்றது. லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் என்னும் நான்கும் அதன் முதல் தரத்தின. மூத்தோன் 1973 இல் அவற்றோடு சேர்க்கப்பெற்றது. இப்பட்டியல் அன்றைய விலையை அடிப்படையாகக் கொண்டது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். தரவரிசை தோட்டத்தைக் கூறும், ஆண்டினைக் கூறாது. மழையும் வெயிலும் ஆண்டுதோறும் வேறுபடுதலின், ஒரே தோட்டத்தின் இரண்டு ஆண்டுத் தேறல்கள் இரு வேறு நூல்கள் போல்வன.

வாங்குங் காலம் பற்றி இரு கொள்கைகள் உள. பழம் பறித்த மறு வசந்தத்தில், தேறல் பீப்பாயில் இருக்கும்போதே விலை பேசிப் பணம் கொடுத்துவிடுதல் ஒன்று. புட்டிகள் ஏறத்தாழ ஈராண்டு கழித்தே கைக்கு வரும். இது நம் ஊரில் பூவிலேயே மாந்தோப்பைக் குத்தகை பேசுவதை ஒக்கும். சுவைப்பவர் ஆறு திங்கள் கூட நிரம்பாத குழவியைச் சுவைத்து, 30 ஆண்டுக்குப் பின் அஃது என்னாகும் என்று உரைக்கின்றனர். 1982 ஆம் ஆண்டுத் தேறலை இவ்வாறு முன்னரே வாங்கியவர் பெரும்பயன் எய்தினர். ஆனால், 1972 இன் தாழ்ந்த விளைச்சல் உயர்ந்த விலைக்கு விற்கப்பெற்று, 1973, 1974 ஆம் ஆண்டுகளில் சந்தை சரிந்தபோது வணிகர் பலர் நொடித்தனர். 1997 ஆம் ஆண்டுத் தேறலும் தகுதிக்கு மிஞ்சிய விலையில் விற்றது. லத்தூர் தோட்டத்தார் 2012 இல் இம்முறையைக் கைவிட்டு, முதிர்ந்த பின்னரே விற்பது என்று துணிந்தனர்.

முதிர்ந்த பின் வாங்குதல் மற்றொரு கொள்கை. விலை மிகுதி, எனினும் வாங்குவது இன்னதென்று அறிந்து வாங்கலாம். அப்போது நோக்க வேண்டுவது புட்டி எங்குக் கிடந்தது என்பதே. தேறலின் மட்டம் கழுத்தினின்று தோளுக்குக் கீழ் இறங்கியிருப்பின், தக்கை வழியே காற்றுப் புகுந்துளது என்று ஐயுறல் வேண்டும். போலிப் புட்டிகளும் உண்டு. ரூடி கூர்னியவான் என்பவர் மலிந்த மதுக்களைக் கலந்து அரிய பழந்தேறல் என விற்று, 2013 இல் நியூயார்க்கில் குற்றவாளி எனத் தீர்க்கப்பெற்று, அடுத்த ஆண்டு பத்தாண்டுச் சிறைத்தண்டம் பெற்றார். சுவடியின் காலத்தைத் தாளையும் மையையும் கொண்டு ஆராய்வார்க்கு இவ்வகை மோசடி வியப்பளிக்காது. என் மதிப்பீட்டில், மிக அரிதாய்க் கிடைப்பதையன்றிப் பிறவற்றைப் பீப்பாயில் இருக்கையிலேயே வாங்குதற்குத் தக்க காரணம் இல்லை.

நிலவறை பற்றி நீளக் கூற வேண்டுவதில்லை. வெப்பம் 10 முதல் 13 பாகை செல்சியசு அளவில் ஆண்டு முழுதும் மாறாதிருத்தல், இருள், தக்கை வறளாதவாறு போதிய ஈரம், அதிர்வின்மை, புட்டியைப் படுக்கையாய் வைத்தல். இவை போதும். வெப்பம் மிகின் முதிர்வு விரையும். விரைந்த முதிர்வு நன்முதிர்வாகாது. பெரும்புட்டியில் மெதுவாகவும் சிறுபுட்டியில் விரைவாகவும் தேறல் முதிரும்.

இனி, எப்போது திறப்பது என்பதே வினா. மூடிய புட்டியின் உள்ளே நிகழ்வதைப் புறத்தே நின்று அறியும் வழி இல்லை. திறந்ததை மீண்டும் மூடிக் காத்தலும் இல்லை. இதற்கு வல்லார் கண்ட வழி எளிது. ஒரே தேறலைப் பன்னிரு புட்டிகளாக வாங்குவர். சில ஆண்டுக்கு ஒன்றாய்த் திறந்து சுவைத்துக் குறித்து வைப்பர். 1966 இல் கிறிசுட்டி ஏல நிலையத்தின் மதுப்பிரிவைத் தொடங்கிய மைக்கேல் பிராடுபெண்டு (1927–2020) ஒரே தேறலைப் பல பத்தாண்டுகளில் திரும்பத் திரும்பச் சுவைத்து எழுதிய குறிப்புகள் இத்துறையின் அரிய ஆவணம். எடின்பரோவில் இலக்கியப் பேராசிரியராய் விளங்கிய சார்ச்சு செயின்ட்சுபரி 1920 இல் தம் நிலவறைக் குறிப்பேட்டைக் கொண்டு ஒரு நூலே இயற்றினார் என்பதை இலக்கிய மாணாக்கர் அறிதல் நன்று.

குறிப்பெழுதாதவர் இடர்ப்படுவது, தேறல் ஒரு நேர்கோட்டில் முதிராமையால். இளமையில் மணம் வீசிய தேறல் சில ஆண்டு கழித்து வாய் மூடிக்கொள்வதுண்டு. மணமும் சுவையும் ஒடுங்கி நிற்கும். அந்நிலையில் முதற்புட்டியைத் திறந்தவன் எஞ்சிய பதினொன்றையும் குறைந்த விலைக்கு விற்றுவிடுவான். மற்றொருவன், துவர் இன்னும் தணியவில்லை என்று காத்துக் காத்து, துவர் தணியுமுன் பழச்சாரம் தீர்ந்துவிடக் காண்பான். 1975 ஆம் ஆண்டுத் தேறல் பலவற்றிற்கு நேர்ந்தது இதுவே. 1982 ஆம் ஆண்டுத் தேறல் இளமையிலேயே இனிமையாய் இருந்தமையின், அது நெடுநாள் நில்லாது என்று ஐயுற்ற வல்லுநர் பலர். அதன் சிறந்தவையோ பத்தாண்டுகள் பல கடந்தும் நின்றன. 1961 இல் விளைச்சல் சுருங்கிச் சாரம் செறிந்தது; துவரும் மிக்கிருந்தது; ஆயினும் தாங்கியது. ஆகவே துவரின் அளவை மட்டும் நோக்கின் பிழைபடும். அதற்கு ஈடான சாரம் உண்டா என்று நோக்கல் வேண்டும். தணிந்த துவரும் தீராத சாரமும் சந்திக்கும் அவ்விடைப்பட்ட காலமே பருவம். சிறந்த ஆண்டின் நல்ல மெதோக்குத் தேறலுக்கு அது பெரும்பாலும் பத்தாம் ஆண்டிற்குப் பின் தொடங்கும். ஐயம் எழின் சற்று முன்னரே திறத்தல் நலம். இளையதற்கு எஞ்சிய புட்டிகளில் நாளை உண்டு, மூத்ததற்கு அது இல்லை.

தெளிய வைத்து இறுத்தல் அடுத்த நிலை. படுத்திருந்த புட்டியை ஓரிரு நாள் முன்னரே நிமிர்த்தி வைப்பர். வண்டல் அடியில் இறங்கும். பின்னர்த் தக்கையை அசைவின்றி எடுத்து, கழுத்தின்கீழ் ஒரு மெழுகுதிரி எரிய, கண்ணாடிக் குடுவையில் இடையறாது மெல்ல ஊற்றுவர். வண்டலின் கருங்கோடு தோளை அணுகக் கண்டதும் நிறுத்துவர். போர்தோப் புட்டியின் உயர்ந்த தோள் இதற்கு உதவுகிறது. காற்றுப் படுதல் நலம் என்று கருதிப் பல மணி நேரம் முன்னரே இறுத்து வைப்பாரும் உளர். போர்தோ அறிஞர் எமில் பெய்னோ இதனை ஏற்கவில்லை. வண்டல் இருப்பின் மட்டும் இறுக்க வேண்டும். அதுவும் பரிமாறுதற்குச் சற்று முன்னரே என்பது அவர் கொள்கை. முதிர்ந்த தேறலைப் பொறுத்தவரை பெய்னோ கூறுவதே வலிமையுடைத்து. பல்லாண்டு காற்றின்றி வாழ்ந்த மணம் மிக மூத்த தேறலில் ஒரு மணி நேரத்திற்குள் கலைந்துபோதல் உண்டு. துவர் மிக்க இளந்தேறலுக்கு முன்னர் இறுத்தல் ஓரளவு உதவும் என்பார் கூற்றைத் தள்ள வேண்டுவதில்லை.

பருகும் நிலையில் கருதத்தக்கது வெப்பமே. செந்தேறலை அறையின் வெப்பத்தில் பரிமாறுக என்பது மேலைநாட்டு வழக்கு. அவ்விதி எழுந்த காலத்து ஐரோப்பிய அறை 16 முதல் 18 பாகை அளவினது. மதுரையின் அறையில் அவ்விதியைப் பின்பற்றுவான் சாராயத்தின் காரம் ஒன்றையே நாவில் உணர்வான். நக்கீரனார் யவனர் தேறலை மணமுடையது என்றதனோடு அமையாது, குளிர்ந்தது என்றும் சிறப்பிக்கின்றார். அவ்வடையைச் செய்யுள் அழகிற்காக வந்தது என்று உரையில் கடந்து செல்வது வழக்கம். வெப்பம் மிக்க நாட்டில் மணம் கெடாது பருகுதற்குக் குளிர்ச்சி இன்றியமையாதது என்பதை அறிந்தார்க்கு அஃது அணியாகத் தோன்றாது. பரிமாறிய முறையைக் குறித்த செய்தியாகவே தோன்றும்.