அரை மணியா, ஒன்றேகால் மணியா?

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் சராசரி வேகம் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். மதுரையிலிருந்து சென்னைக்கு ஜெட் விமானம் எவ்வளவு நேரத்தில் போகும் என்று கேட்டுவிட்டு, நானே கரும்பலகையில் கணக்கிட்டு ‘31 நிமிடம்’ என்று எழுதினேன். பின்வரிசையில் ஒரு மாணவர் எழுந்தார். “ஐயா, என் அண்ணன் போன வாரம்தான் போனார். டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டிருந்தது.” வகுப்பே சிரித்தது. என் வகுத்தலில் பிழையில்லை. அப்படியானால் எங்கே பிழை?

முதலில் தூரத்தைப் பார்ப்போம். மதுரை விமான நிலையத்தின் அட்சரேகை 9.83 பாகை, தீர்க்கரேகை 78.09 பாகை. சென்னைக்கு இவை 12.99, 80.17. அட்சரேகை வித்தியாசம் 3.16 பாகை. பாகைக்கு 111 கி.மீ. வீதம் இது 351 கி.மீ. ஆகும். தீர்க்கரேகைகள் துருவங்களை நோக்கி நெருங்கிச் செல்பவை அல்லவா? ஆகவே அந்த 2.08 பாகையை 111-ஆல் பெருக்கி, இடைப்பட்ட அட்சரேகையான 11.4 பாகையின் கோசைன் மதிப்பாகிய 0.98-ஆலும் பெருக்க வேண்டும். கிடைப்பது 226 கி.மீ. இனி பைதகரஸ் தேற்றம்தான். விடை சுமார் 418 கி.மீ. உருண்டையான பூமிக்குத் தட்டைத்தாள் தேற்றம் பொருந்துமா என்று கேட்பீர்கள். இந்தக் குறுந்தொலைவில் பிழை மிகச் சிறியது. சென்னை–லண்டனுக்கு மட்டும் இப்படிச் செய்துவிடாதீர்கள்!

418 கி.மீ.யை மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 31 நிமிடம். அந்த 800-ல்தான் வினை இருக்கிறது. அது உயரத்தில் சமமட்டமாகப் பறக்கும்போது உள்ள வேகம். ஏறக்குறைய 3 கி.மீ. உயரத்துக்குக் கீழே மணிக்குச் சுமார் 460 கி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான விதி. இறங்குவதோ சுமார் 3 பாகைச் சாய்வில். 9 கி.மீ. உயரத்திலிருந்து அப்படி இறங்க எவ்வளவு தூரம் வேண்டும்? 9-ஐ 3 பாகையின் டேன்ஜென்ட் மதிப்பால் வகுத்துப் பாருங்கள், 172 கி.மீ. வரும். நேர்கோட்டில் பறந்தால், உளுந்தூர்ப்பேட்டை அருகிலேயே சென்னைக்கு இறங்கத் தொடங்கிவிட வேண்டும்! ஏறுவதற்கும் ஏறத்தாழ 150 கி.மீ. போய்விடுகிறது. முழு வேகத்துக்கு மிஞ்சுவது நூறு கி.மீ. அளவுதான்.

காற்றும் கணக்கில் வருகிறது. விமானம் எதிர்க்காற்றில்தான் இறங்க விரும்பும். சென்னையின் பெரிய ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காக அமைந்தது. கடற்காற்று வீசினால் மேற்கிலிருந்து வந்து இறங்கலாம். மேல்காற்று வீசினால் கடல் பக்கம் சுற்றி வரவேண்டும். டிக்கெட்டில் உள்ள நேரமோ, விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் சென்னையில் மீண்டும் நிற்பது வரை உள்ளது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, தாமதத்துக்கென ஒதுக்கிய சில நிமிடங்கள் எல்லாம் இதில் அடக்கம். சராசரி வேகம் மணிக்கு 334 கி.மீ.யாகச் சுருங்கிவிடுகிறது.

இதனால்தான் குறுந்தொலைவுகளில் ஏடிஆர் 72 போன்ற சுழலி விமானங்களுக்கு இன்னும் இடமிருக்கிறது. மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகம்தான். தாளில் ஜெட்டைவிட 19 நிமிடம் பின்தங்கும். நடைமுறையில் அவ்வளவுகூட இல்லை. செலவாகும் எரிபொருளும் குறைவு.

தூரம் குறையக் குறைய இந்த வேடிக்கை முற்றும். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரண்டு சிறு விமான நிலையங்கள் உள்ளன. இடைத்தூரம் 2.7 கி.மீ. கால அட்டவணையில் 2 நிமிடம். சராசரி வேகம் மணிக்கு 81 கி.மீ. நம் புறவழிச்சாலை பேருந்தின் வேகம்தான்!