"கையை நீட்டுங்கய்யா!"

அவருக்கு அப்போது 56 வயது. ஊரில் சாவு விழுந்தால் பறையடிப்பதும் குழி வெட்டுவதும் அவர் வேலை. ஒரு நாள் காலையில் எழுந்தபோது இடப்பக்கக் கையும் காலும் வரவில்லை. பக்கவாதம். எண்ணெய் தடவிப் பார்த்து, மந்திரித்துப் பார்த்து, மூன்று வாரம் கழித்துத்தான் வேலூருக்குக் கொண்டு போனார்கள்.

அங்கே ஒரு பெண் அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்டார்: "அய்யா, நீங்க திரும்ப என்ன செய்யணும்னு ஆசைப்படுறீங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. 'இதைச் செய், அதைச் செய்' என்பதைத்தான் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறார். மறுநாள் சொன்னார்: "சட்டைப் பொத்தானை நானே போடணும்மா. சின்ன வயசுல ஊர்த்தெருவுல சட்டையைக் கழட்டிக் கக்கத்துல வச்சிக்கிட்டுப் போனவன் நான். சண்டை போட்டுத்தான் சட்டையோட நடந்தோம். இப்ப ஒருத்தர் போட்டுவிட வேண்டியதா ஆயிப்போச்சு."

பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அவர் மகள் கட்டிலருகே நின்று இதைக் கேட்டார். ஏழு ஆண்டுகள் கழித்து, இன்று அந்த மகள் ஆக்குபேஷனல் தெரபியில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறார். போன மாதம் எங்கள் இரவுப் பாடசாலை மாணவர்களிடம் பேச வந்திருந்தார்.

"ஓ.டி. படிக்கிறேன்னு சொன்னா ஆபரேஷன் தியேட்டர்லயான்னு கேக்குறாங்க" என்று சிரித்தார். தமிழில் இதைத் தொழில்வழிச் சிகிச்சை என்று எழுதுகிறார்கள். செயல்முறைச் சிகிச்சை என்பாரும் உண்டு. நோயாலோ விபத்தாலோ பிறவியிலேயோ உடல், மனம் முடங்கியவர் தானே சாப்பிட, குளிக்க, உடுத்த, பள்ளிக்கோ வேலைக்கோ போகப் பழக்குவதுதான் இந்தப் படிப்பு. பிடி சரியாக இல்லாதவருக்குக் கரண்டிக் காம்பில் துணியோ சைக்கிள் ட்யூபோ சுற்றித் தடிமனாக்கித் தருவதும் இதில் ஒரு வைத்தியம்.

இந்தியாவில் இதற்கான முதல் பள்ளி 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியது. தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அதே காலத்தில் நம் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். நிமிர்ந்த கைக்கு வேலையும் வேண்டுமே என்று தச்சு போன்ற தொழில்கள் கற்பிக்கப்பட்டன. விபத்தில் இரு கால்களும் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தே அறுவைச் சிகிச்சை செய்தவர். 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் எழ அவரே காரணம்.

ஆனால் 'தொழில்' என்ற சொல் நமக்கு அவ்வளவு நல்ல சொல் அல்ல. 1953இல் அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று ராஜாஜி அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெரியார் இயக்கம் அதை எதிர்த்தது. 1954இல் காமராஜர் ஆட்சியில்தான் அது கைவிடப்பட்டது. நோயாளியைப் பழைய தொழிலுக்குத் திருப்பி அனுப்புவதுதான் சிகிச்சை என்றால், குழி வெட்டியவரை மறுபடி குழிக்கே அனுப்புவதா? பாதாளச் சாக்கடையில் விழுந்து இடுப்பொடிந்தவரை மறுபடி சாக்கடைக்கே தேற்றி அனுப்புவதா?

இந்தக் கேள்வியை அவரிடமே கேட்டேன். "அதனாலதான் சார் முதல்ல ஆசையைக் கேக்கணும். அப்பா பொத்தான் போடக் கத்துக்கிட்டார். குழி வெட்டப் போகமாட்டேன்னுட்டார். கை வராததால இல்ல, இனி வேணாம்னு. இப்ப வீட்டு வாசல்ல பெட்டிக்கடை வச்சிருக்கார்" என்றார். சாக்கடைப் பணியில் நிரந்தரமாக முடங்கினால் குறைந்தது 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் மட்டும் போதாது, வேறு வாழ்க்கைக்குக் கையைப் பழக்கவும் ஆள் வேண்டும்.

முதுகலை ஆய்வுக்கு அவர் எடுத்திருப்பதும் நம் தெருவைத்தான். நோயாளி எவ்வளவு தூரம் தன் காரியத்தைத் தானே பார்க்கிறார் என்று அளக்க 'பார்த்தல்' அளவுகோல் என்று ஒன்று உண்டு. 1965இல் வெளிநாட்டில் வந்தது. 10 செயல்கள், 100 மதிப்பெண். "படி ஏறுறதுக்கு மார்க் இருக்கு. எங்க தெருவுல மாடி ஏது? படுக்கையிலேர்ந்து நாற்காலிக்கு மாறுறதுக்கு மார்க் இருக்கு. பாய்ல படுக்கிறவங்க தரையிலேர்ந்து எந்திரிக்க வேணாமா? குனிஞ்சு வாசல்ல நுழையுறது, குழாயடியில குடம் தூக்குறது, குத்த வச்சி உக்கார்றது... இதுக்கெல்லாம் மார்க் இல்ல." அந்தச் செயல்களைத்தான் வீடு வீடாகப் போய்ப் பட்டியலிடுகிறார்.

இந்தப் படிப்பில் தொடாமல் வேலை இல்லை. பயிற்சியின்போது ஒரு முதியவர் கையை நீட்டாமல், "எந்த ஊரும்மா? எந்தத் தெரு?" என்று கேட்டிருக்கிறார். ஊரைச் சொன்னார். தெருவைச் சொல்லவில்லை. "கையை நீட்டுங்கய்யா" என்றார். சற்று நேரம் கழித்துக் கை நீண்டது. ஆறு வாரம் அந்தக் கையைப் பிடித்துப் பிடித்துத்தான் அவரைத் தம்ளர் தூக்க வைத்தார். "போகும்போது கும்பிட்டார் சார். தெரிஞ்சு கும்பிட்டாரா, தெரியாமலா... எனக்குத் தெரியல."

பணக் கதை நாம் அறிந்ததுதான். உதவித்தொகை வரத் தாமதமானது. கட்டணம் கட்டாமல் தேர்வு எழுத முடியாது என்றது கல்லூரி. அம்மா தோட்டை அடகு வைத்தார். தோடு இன்னும் மீளவில்லை.

மாணவர்கள் கவனிக்க: பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். இளநிலை நான்கு ஆண்டுப் பாடம், அதன்பின் மருத்துவமனைப் பயிற்சி. முதுகலை இரண்டு ஆண்டு. நரம்பியல், குழந்தைகள், மனநலம் என்று பிரிவுகள் உண்டு. சேர்க்கை விதிகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் ஆதிதிராவிடர் மாணவர்கள் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். சாதி, வருமானச் சான்றிதழ்களை இப்போதே வாங்கி வையுங்கள்.

வீட்டில் பக்கவாத நோயாளி இருப்பவர்களுக்கு அவர் சொன்னது: கை கால் வராவிட்டால், வாய் கோணினால், அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போங்கள். பிறகு, வராத கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு நழுவும். சட்டை போடும்போது வராத கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் ஒரு தாய், பென்சில் பிடிக்க முடியாத தன் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். இவர் தரையில் உட்கார்ந்து, தாயைப் பார்க்காமல் பையனைப் பார்த்துக் கேட்டார்: "உனக்கு என்னடா தம்பி செய்யணும்?"

பையன் யோசித்துவிட்டு, "சைக்கிள்" என்றான்.