சீனரின் நீவுமுறையும் மூளையின் இரத்த ஓட்டமும்

உடலின் ஒரு பாதி செயலற்றுப் போகும் நோய்க்கு நம் முன்னோர் பக்கவாதம் என்று பெயரிட்டனர். வாதம் என்பது காற்று. சீன தேசத்தாரும் அந்நோயைச் 'சுங்ஃபெங்' என்றனர். காற்றால் அடிபடுதல் என்பது அதன் பொருள். இரு நாட்டாரும் காற்றின் மீதே பழி சுமத்தியது வியப்பன்றோ! அக்காற்று உடலுள் புகும் இடங்களுள் ஒன்றென அவர்கள் கருதியது பிடரியில் உள்ளது. அதனை 'ஃபெங்ச்சி', அதாவது காற்றுக் குளம், என்பர். அவ்விடத்தை விரலால் நீவினால் மூளைக்கு இரத்தம் நன்கு செல்லும் என்பது சீன வைத்தியரின் துணிபு. இதன் பயன் யாது, எல்லை யாது என்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இம்முறை மிகத் தொன்மையானது. 1027ஆம் ஆண்டிலேயே வாங் வெய்யி என்னும் அரசவை வைத்தியர், புள்ளிகள் குறிக்கப்பெற்ற இரு வெண்கல மனித உருவங்களை மாணாக்கரின் பயிற்சிக்கென வார்ப்பித்தார்.

தலைக்குரிய புள்ளிகளுள் மூன்று எளியவை. நிமிர்ந்து அமர்ந்து, இரு கைகளாலும் பின்தலையைத் தாங்கி, மண்டையெலும்பின் அடியில் கழுத்தின் இருபுறமும் உள்ள பள்ளங்களில் கட்டைவிரல்களைப் பதித்து மெல்லச் சுழற்றுதல் வேண்டும். இதுவே காற்றுக் குளம். இரு காதுகளின் நுனியிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் கோடு உச்சியில் நடுக்கோட்டைச் சந்திக்கும் இடம் 'பைஹுவெய்'. நெற்றிப்பொட்டில் உள்ளது 'தைய்யாங்'. ஒவ்வொன்றிலும் ஓரிரு நிமிடம் போதும். இதமான நோவுக்கு மேல் அழுத்தலாகாது.

தறிக்குழியில் தலை குனிந்து நாள் முழுதும் நெய்வோருக்கும், வயலில் குனிந்து களை எடுப்போருக்கும் இதனால் நன்மை உண்டு. இறுகிய கழுத்துத் தசை தளரும். அவ்விறுக்கத்தால் வந்த தலைவலி தணியும்.

ஆயினும் எல்லையை மறத்தல் கூடாது. மூளை உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்கே. எனினும் இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறக்குறைய 15 முதல் 20 விழுக்காடு அதற்கே செல்கிறது. கழுத்தின் முன்புறம் இரண்டும், கழுத்தெலும்புகளின் வழியே இரண்டுமாக நான்கு தமனிகள் அதனைச் சுமந்து செல்கின்றன. நோய்க்குக் காரணம் காற்றன்று, உடலின் மூல ஆற்றல் குறைவே என்று சீன வைத்தியருள்ளேயே வாங் சிங்ரென் என்பார் 1830இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அடைபட்ட தமனியை விரலால் திறக்க இயலாது. முன்கழுத்தை அழுத்துவதும், கழுத்தை வெடுக்கெனத் திருப்புவதும் முதியோருக்குப் பேராபத்தை விளைவிக்கும்.

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை துவளுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினும் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்பொழுது நீவிக்கொண்டிருத்தல் பெரும் பிழை. பெருந்தமனி அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் மூளை நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006இல் வெளியான ஒரு கணக்குக் கூறுகிறது. கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். நீவுவதில் கழியும் ஒரு மணி நேரம், ஒரு நெசவாளியின் கையையே பறித்துவிடக் கூடும்.

இவ்விடத்தில் சீனத்தின் கூட்டுறவு அனுபவம் ஒன்று நினைவுகூரத் தக்கது. 1955இல் ஷான்சி மாகாணத்து மிஷான் என்னும் ஊரில், விவசாயக் கூட்டுறவுச் சங்கமும் குடியானவர்களும் வைத்தியர்களும் பொருள் திரட்டி ஒரு சுகாதார நிலையம் அமைத்தனர். அவ்வழியே பரவிய கூட்டுறவு மருத்துவத் திட்டத்தில், 'வெறுங்கால் வைத்தியர்' எனப் பெயர்பெற்ற கிராமத் தொண்டர்கள் பழைய குத்தூசியும் மூலிகையும் கற்றனர். புதிய மருந்துகளையும் கற்றனர். தம் கைக்கு மீறிய நோயாளியை மேல்நிலை மருத்துவ நிலையத்துக்கு அனுப்புவதும் அவர்களது கடமையாயிருந்தது. எண்பதுகளில் அத்திட்டம் தளர்ந்தது. 2003இல் புதிய வடிவில் மீண்டும் தொடங்கப்பெற்றது. பழமையைக் கைவிடாமலும், அதன் எல்லையை மறவாமலும் நடந்ததே அதன் சிறப்பு.

ஒவ்வொரு சங்கமும் அம்மூன்று அறிகுறிகளையும், 108 என்னும் அவசர ஊர்தி எண்ணையும் தன் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்குமாறு வேண்டுகிறோம். மாலையில் அலுப்புத் தீரக் காற்றுக் குளத்தை நீவுங்கள். அறிகுறி கண்டாலோ, கையை எடுத்துவிட்டு ஊர்தியை அழையுங்கள்.