உளையில் ஊன்றிய கால்

சேற்றுக்கு உளை என்றும் ஒரு பெயருண்டு. மனம் வருந்துதலை உளைதல் என்றும் உளைச்சல் என்றும் வழங்குகின்றோம். இவை ஒருவேரிற் பிறந்தனவா, அன்றா என்னும் வழக்கைச் சொல்லாராய்ச்சியாளர்க்கு விட்டுவிடலாம். ஆயினும், மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழ்பவனுக்கு ஒன்று மற்றொன்றை நினைவூட்டாமற் போவதில்லை. வீச்சுவலை தோளிற் கிடக்க இடுப்பளவு நீரில் நடந்து செல்லும் மீனவன் சில இடங்களிற் காலை ஊன்றமாட்டான். ஊன்றினாற் புதையும். புதைந்த காலை வெடுக்கென இழுத்தால், பாரந் தாங்கிய மற்றைக் காலும் புதையும். நான் இங்கே சொல்ல எடுத்துக்கொண்ட பொருளும் அத்தகையதே.

சிறுதொழில் நடத்துவோரின் மனநெருக்கீட்டைப் பற்றித் தமிழ்ப் பண்டிதன் ஒருவன் எழுதப் புகுந்ததேன் என்று வாசகர் வினவலாம். நான் மருத்துவனல்லேன், வணிகனுமல்லேன். கீழைத்தேயக் கல்லூரியொன்றில் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துக் காலங்கழிப்பவன். செய்த பிழையொன்றே என்னை எழுதத் தூண்டிற்று. அதனை முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

ஓர் அச்சகத்தின் கதை

என்னிடம் தமிழ் படித்த மாணவர் ஒருவர் இப்பகுதியிற் சிறியதோர் அச்சகம் நடத்துகின்றார். அவரும் அவர் மனைவியும், பொறியை இயக்குபவர் ஒருவரும், கணினியில் எழுத்துக் கோக்கும் பெண்பிள்ளை ஒருத்தியும், புத்தகங் கட்டும் பையன் ஒருவனுமாக ஐவரே அதன் பரிவாரம். திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா விளம்பரம், பரீட்சை வினாத்தாள், கடைகளுக்கான பற்றுச்சீட்டுப் புத்தகம் என எல்லாம் அங்கே அச்சாகும். மரண அறிவித்தலுக்கோ இரவு பகல் என்னும் வேறுபாடில்லை. நள்ளிரவிற் கதவைத் தட்டுவார்கள். விடியுமுன் கொடுத்தாக வேண்டும். துக்க வீட்டாரிடம் ‘முடியாது’ என்று எப்படிச் சொல்வது?

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எங்கள் இலக்கிய வட்டத்தினர் மலரொன்று வெளியிடக் கருதி, பதிப்புப் பொறுப்பை என்னிடம் தந்தனர். கட்டுரைகளை ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு மூன்று வாரம் பிந்தியே நான் ஒப்படைத்தேன். வெளியீட்டு நாளை மட்டும் மாற்றவில்லை. அச்சுப்படி வந்ததும் பிழை திருத்துவதோடமையாது புதிய பந்திகளையும் செருகினேன். நான்காம் முறை வந்த படியிலும் ரகர றகர மயக்கம் கண்டபோது என் பொறுமை எல்லை கடந்தது. வேலையாட்கள் பார்த்திருக்க, “என்னிடம் தமிழ் படித்தவன் அச்சிடும் புத்தகத்தில் இத்தனை பிழையா?” என்று உரத்த குரலிற் கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசாது படியை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் அச்சகம் பூட்டிக் கிடந்தது. முதல்நாளிரவு நெஞ்சடைப்பதுபோல் இருந்ததென்றும், மூச்சுவிட முடியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதாகவும் அவர் மனைவி சொன்னார். பரிசோதித்த மருத்துவர்கள் இருதயத்திற் பழுதொன்றுமில்லை என்றும், நெடுநாளைய உறக்கமின்மையும் அச்சமும் உடலை இவ்வாறு ஆட்டிவிட்டன என்றும் கூறினராம். நான் சென்று பார்த்தபோது எழுந்திருக்க முயன்றார். தடுத்துவிட்டு அருகில் அமர்ந்தேன். சற்றுப்பொறுத்து அவர் சொன்ன சொற்கள் இவை:

“கண்ண மூடினா மெசின் ஓடுற சத்தந்தான் ஐயா கேக்கிது. போன் அடிச்சா நெஞ்சு படபடக்கிது. ஆரு எடுத்தாலும் நீங்கதானோ எண்டு பயமாக் கிடக்கு.”

முப்பது ஆண்டுக்கு மேலாக மாணவர்க்கு அறநூல் கற்பித்து வந்தவனுக்கு இதனினும் பெரிய தண்டனை வேண்டுமோ?

நெருக்கீடு என்பது யாது?

ஹான்ஸ் செலியே என்னும் ஆராய்ச்சியாளர் 1936இல் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். குளிர், காயம், நஞ்சு, மிகையான உழைப்பு எனத் துன்பங்கள் பலவாயினும், அவற்றை எதிர்க்க உடல் ஒரேவகையான எழுச்சியையே காட்டுகின்றது என்பது அதன் சாரம். அபாயங் கண்டவிடத்து இருதயம் விரைகின்றது, தசைகள் இறுகுகின்றன, உறக்கம் விலகுகின்றது. அபாயம் நீங்கியதும் உடல் தன்னிலைக்கு மீள வேண்டும். நீங்காத அபாயமாயின் மீட்சியில்லை. இதனையே நெருக்கீடு என்கின்றோம்.

நெருக்கீடு முற்றிலும் தீயதன்று. யாழ் நரம்பு தளர்ந்து கிடந்தால் இசை பிறவாது. அளவுக்கு மேல் முறுக்கினால் அறுந்துபோம். எவ்வளவு முறுக்கலாம் என்பதே வினா. இதற்கு விடை தேடியோருள் இருவரைக் குறிப்பிடலாம். வேலையின் பளு ஒருபுறமும், அதனை எப்போது எப்படிச் செய்வதென்று முடிவுசெய்யும் உரிமை மறுபுறமுமாக நிறுத்துப் பார்த்தவர் றொபேட் கரசெக். பளு மிகுந்து உரிமை குறைந்த வேலையே மனிதனை மிகவும் வருத்தும் என்று அவர் 1979இற் காட்டினார். கொடுக்கும் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியமும் மதிப்பும் ஈடாகாதபோது நோய் பிறக்கும் என்று 1996இல் விளக்கினார் சீக்ரிஸ்ட் என்னும் அறிஞர்.

நம் பழைய நூல்களும் இதற்குப் புறம்பானவையல்ல. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் நிலைக்களங்கள் நான்கு என்பர்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுதல் இளிவு. உடையதை இழத்தல் இழவு. முன்னைய நிலை கெட்டுத் தாழ்ந்து வருந்துதல் அசைவு என்று விளக்கங் காண்பர். என் மாணவரின் நிலையை இந்நான்கோடும் ஒட்டிப் பார்த்தேன். மூன்று காலத்தின் கொடை. இளிவு ஒன்றுமட்டும் என் கொடை.

காலஞ் செய்த கொடுமை

அவ்வாண்டு எத்தகையது என்பதை வாசகர் மறந்திருக்கமாட்டார். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறிற்று. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. கடதாசியும் மையும் கிடைத்தற்கரியவாயின. கடதாசியின்மையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டது. அச்சகக்காரர் திங்கட்கிழமை ஒரு விலை சொல்லி வேலையேற்றால், வெள்ளிக்கிழமை அவ்விலைக்கு வெறுங் கடதாசியும் வாங்க முடியாது. மின்சாரம் இருக்கும் சில மணிநேரத்துக்காக நள்ளிரவில் விழித்திருந்து பொறியை ஓட்டினர். கரசெக் கூறிய இரண்டும் அங்கே ஒருங்கு கூடின: பளு மலையளவு, உரிமை கடுகளவு.

அச்சகம் ஒன்று மட்டுமோ? மருதமுனையிலும் காத்தான்குடியிலும் கைத்தறி நெய்வோரைப் பாருங்கள். தறி அவர்களுடையது, கைத்திறன் அவர்களுடையது, நூலும் சாயமும் கடல்கடந்து வர வேண்டியவை. இக்கரையோரத்துச் சிறுதொழில்கள் 1978 நவம்பர் 23 சூறாவளியிற் சிதைந்து, போர்க்காலத்தில் ஒடுங்கி, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அடிபட்டு, ஒவ்வொரு முறையும் எழுந்தவை. எழுந்தவர்களின் துணிவை வியந்து பேசுகின்றோம். மீண்டும் மீண்டும் எழுந்தவனுக்கு உண்டாகும் களைப்பைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

அப்பம் சுட்டும் மாவிடித்தும் ஆடை தைத்தும் வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நுண்கடனுக்கு வாரந்தோறும் தவணை. ஒருத்தி கட்டத் தவறினாற் குழுவிலுள்ள ஏனையோர் பொறுப்பு. எனவே கடன்காரனுக்கு மட்டுமன்றி அயல்வீட்டுத் தோழிக்கும் அஞ்ச வேண்டியதாயிற்று. 2018இல் அரசாங்கம், வறட்சியுற்ற மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைச் சில நிபந்தனைகளுடன் நீக்கும் திட்டமொன்றை அறிவிக்க நேர்ந்ததே அத்துயரின் அளவைக் காட்டும்.

சிறுதொழிலுக்கே உரிய தனித்துன்பங்களும் உள. பெரிய நிறுவனத்தில் ஒருவர் நோயுற்றால் மற்றொருவர் அவ்விடத்தை நிரப்புவர். இங்கே முதலாளியே கணக்கர், அவரே கொள்வனவாளர், கடன் கேட்டுச் செல்பவரும் அவரே. வேலையாட்கள் பெரும்பாலும் உறவினர். மாமனிடம் வேலைசெய்யும் மருமகன் மேலதிக நேரத்துக்குக் கூலி கேட்பானோ? கேளான், மனத்துள் வைத்து உளைவான். வாடிக்கையாளரோ அயலவர், கோயிலிலும் பள்ளிவாசலிலும் சந்தையிலும் முகம் பார்க்க வேண்டியவர். ஆதலால், மறுத்தல் என்னும் சொல் இத்தொழில்களின் அகராதியிலேயே இல்லை.

கரையேறும் வழி

நோயின் முதலறிந்தால் மருந்து கூறலாம். என் மாணவர் மீண்டு வந்த வழியையும், கற்றோர் கூறுவனவற்றையும் சேர்த்துச் சிலவற்றை இங்கே தருகின்றேன்.

முதலாவது, ஏற்கும் வேலைக்கு வரம்பு வகுத்தல். திருவள்ளுவர் வலியறிதலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். மெல்லிய மயிற்பீலியும் அளவு கடந்தால் வண்டியின் அச்சை முறிக்கும் என்பது அங்கே அவர் காட்டும் உவமை. இப்போது அவ்வச்சகத்தில் ஒரு பெரிய நாட்காட்டி தொங்குகின்றது. ஏற்ற வேலைகள் யாவும் அதில் எழுதப்படுகின்றன. நிரம்பிய வாரத்தில் மரண அறிவித்தலைத் தவிர வேறொன்றையும் ஏற்பதில்லை. ‘முடியாது’ என்று சொல்ல நாணுபவர், விரலால் நாட்காட்டியைக் காட்டிவிடுகின்றார்!

இரண்டாவது, நேரம். இலங்கையிற் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலைசெய்வோர்க்கு நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் எல்லை வகுத்தது. முதலாளிக்கு இவ்வெல்லை இல்லை; அவரே தமக்கு வகுத்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் 55 மணித்தியாலமும் அதற்கு மேலும் உழைத்ததன் விளைவாக, பாரிசவாதத்தாலும் இருதய நோயாலும் 2016ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 7,45,000 பேர் இறந்தனர் என்று உலக சுகாதார தாபனமும் சர்வதேச தொழில் தாபனமும் 2021இற் கணித்து வெளியிட்டன. உழைப்பு உயிரைக் காக்கவேயன்றிக் குடிக்கவன்று.

மூன்றாவது, வீட்டுப் பணத்தையும் தொழிற் பணத்தையும் வேறாக வைத்தல். ஒரே பணப்பெட்டியில் அரிசிக்காசும் கடதாசிக்காசும் கலந்துகிடந்தால், நட்டம் எங்கே புகுந்ததென்று தெரியாது. தெரியாத நட்டமே இரவில் அச்சுறுத்துவது. தொகையை எழுதிப் பார்த்தபோது, “கடன் நான் பயந்த அளவு இல்ல ஐயா” என்றார் என் மாணவர். எழுத்துக்கு அந்த ஆற்றல் உண்டு.

நான்காவது, பகிர்தல். யாருக்கு எது இயலும் என்று தெரிந்து அதனை அவரிடமே விட்டுவிடுதல் வேண்டும். எழுத்துக் கோக்கும் அப்பெண்பிள்ளை இப்போது முதற்படியைத் தானே திருத்துகின்றாள். பிழையும் குறைந்தது, அவள் முகத்தில் ஒரு தெளிவும் வந்தது. வெள்ளிக்கிழமை மாலையில் ஐவரும் தேநீருடன் அமர்ந்து குறைநிறைகளைப் பேசுகின்றனர். பேசப்பட்ட குறை பாதியாகும்.

இவற்றாலும் நீங்காத நிலையுண்டு. தீராக் களைப்பு, தொழிலில் வெறுப்பு, ‘என்னால் ஒன்றும் ஆகாது’ என்னும் எண்ணம் ஆகிய மூன்றுஞ் சேர்ந்த நிலையைத் தொழில்வழி வரும் சோர்வென உலக சுகாதார தாபனம் 2019இல் வரையறுத்தது. அது நோயன்று என்றும் தெளிவுபடுத்திற்று. ஆயினும் உறக்கமும் உணவும் வாரக்கணக்கில் ஒழிந்தாலும், வாழ்வு வேண்டாமென்னும் நினைவு ஒருகணம் தலைகாட்டினாலும் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாட வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் எந்நேரமும் பேசலாம். காய்ச்சலுக்கு மருந்துண்ண நாணாதவர் இதற்கு மட்டும் நாணுவதேன்?

நம் கடன்

இதுகாறும் கூறியவை தொழில் நடத்துவோர்க்கு. எஞ்சியது வாடிக்கையாளராகிய நமக்கு. ஆசிரியரும் எழுத்தாளரும் சங்கத்தாருமாகிய நாம் அச்சகங்களுக்குச் செய்யுங் கொடுமை சிறிதன்று. விழாநாளைக் குறித்துவிட்டுக் கட்டுரை தேடுகின்றோம். பிந்திக் கொடுத்து முந்திக் கேட்கின்றோம். பணத்தை விழா முடிந்தபின் தருகின்றோம். காரைதீவில் தோன்றிய விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் பல்லாண்டு ஆராய்ச்சியின் பயனாய் 1947இல் அரங்கேறிற்று. அத்தகைய நூலே காத்திருந்தது; நமது மலர் இரண்டு வாரம் காத்திருந்தால் தமிழன்னை கோபிப்பாளோ?

எங்கள் மலர் ஒரு மாதம் பிந்தியே வெளிவந்தது. எவரும் குறைகூறவில்லை. வெளியீட்டு மேடையில் அச்சகத்தாரை அழைத்து, நான் கடிந்துகொண்டது பிழை என்று அவ்வேலையாட்கள் கேட்கவே சொன்னேன். பலர்முன் செய்த இளிவைத் தனிமையில் நீக்க முடியாதன்றோ? அவர் தலைகுனிந்து நின்றார்; பையன்தான் முதலிற் கைதட்டினான்.

சென்ற வாரம் மற்றொரு கையெழுத்துப் படியுடன் அங்கே போனேன். நாட்காட்டியைப் பார்த்தார், அந்த மாதம் முழுவதும் நிரம்பியிருந்தது. என்னையும் பார்த்தார். பழைய தயக்கம் ஒருகணம் அவர் முகத்தில் வந்து போயிற்று.

“அடுத்த மாசந்தான் ஐயா முடியும்” என்றார்.

“நல்லது தம்பி” என்று சொல்லிப் படியைக் கொடுத்துவிட்டு, கல்லடிப் பாலத்தின் வழியே நடந்து வந்தேன். கீழே வாவியில் ஒருவன் வலையோடு நின்றான். அடியெடுத்து வைக்குமுன் காலால் நிலத்தைத் தடவிப் பார்த்து, மெல்ல மெல்ல நடந்துகொண்டிருந்தான்.