ரோஸ் மூக்கு சொல்லும் சேதி

ராஜபாளையம் நாய்க்குட்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்ட திருத்தங்கல் வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள்: டி.என்.ஏ. சோதனை எடுத்தால் குட்டிக்குக் காது கேட்குமா என்று தெரிந்துவிடுமா? குட்டிகள் பெரும்பாலும் 45 நாள் வாக்கில் கைமாறிவிடுவதால் பதிலைத் தள்ளிப்போட முடியாது. தெரிந்துவிடாது என்பதே பதில்.

மரபணுக்கள் தாயிடம் பாதி, தந்தையிடம் பாதி என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். காது கேட்பதற்கும் நிறத்துக்கும் தொடர்பு உண்டு என்பதால் நிறத்துக்கு வருவோம்.

எல்லா வெள்ளை நாயும் ஒரே காரணத்தால் வெள்ளையாவதில்லை. வெள்ளை ஸ்பிட்ஸ் நாயின் தோலில் நிறமிச் செல்கள் இருக்கின்றன. ரோமத்துக்கு மட்டும் அடர்நிறம் தருவதில்லை. அதனால்தான் அதன் மூக்கு கறுப்பு. வெள்ளை ராஜபாளையத்தின் மூக்கோ ரோஸ். கருவில் முதுகுப் பக்கம் தோன்றி உடலெங்கும் பரவ வேண்டிய அந்தச் செல்கள் மூக்கு நுனிவரை வந்து சேரவில்லை.

அதே செல்கள்தான் உட்செவிக்கும் போக வேண்டியவை. அங்கே அவற்றின் வேலை நிறம் கொடுப்பதல்ல, திரவத்தில் பொட்டாசியம் குறையாமல் காப்பது. அவை போய்ச் சேராவிட்டால், பிறந்த சில வாரங்களில் ஒலியை உணரும் செல்கள் மடிந்துவிடும். இதே மாதிரி வெண்மை கொண்ட டால்மேஷியன் இன நாய்களில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சோதித்த டால்மேஷியன்களில் சுமார் 30 சதவீதத்துக்கு ஒரு காதாவது கேட்கவில்லை. பலவற்றுக்கு ஒரு காது கேட்டது, மறு காது கேட்கவில்லை. இரு காதிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். செல்கள் எதுவரை போய்ச் சேரும் என்பதில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. அதை எந்த மரபணுச் சோதனையும் முன்கூட்டிச் சொல்லாது.

எனக்கு உறுத்துவது இதற்கு அடுத்தது. ராஜபாளையம் நாயின் பெருமைக்கு 2005 ஜனவரியில் தபால்தலையே வெளியானது. இன்று அரசும் நாய் வளர்ப்போர் சங்கங்களும் அதைத் தூய இனம் என்கின்றன. அந்தத் தூய்மைக்கு அடையாளமாகச் சந்தை கேட்பது பால்வெள்ளையும் ரோஸ் மூக்கும். புள்ளி விழுந்த குட்டியைக் கழித்துக் கழித்து, நெருங்கிய உறவிலேயே இணைசேர்த்தால், இனத்துக்குள் இருக்கும் மரபணு வேறுபாடு தேய்ந்துபோகும். இனச் சான்றிதழில் தாத்தா பெயர் இருக்கும். காது கேட்குமா என்பது இருக்காது.

கைதட்டிப் பார்த்தால் போதாதா? போதாது, ஒரு காது கேட்டாலே குட்டி திரும்பிவிடும்.

வேறு வழி? காதிலிருந்து மூளைக்குப் போகும் மின்னலைகளை அளக்கும் பேயர் சோதனை. 35 நாளான பிறகு செய்யலாம்.

தாய் தந்தை இரண்டுக்கும் கேட்கிறதே? அப்போதும் குட்டி செவிடாகலாம்.

செவிட்டுக் குட்டியை வளர்க்கலாமா? தாராளமாக வளர்க்கலாம், கைச்சைகையைப் புரிந்துகொள்ளும். இனப்பெருக்கத்துக்கு மட்டும் விடாதீர்கள். அடுத்த ஈத்தில் புள்ளியுள்ள குட்டி இருந்தால், புள்ளியைக் குறையாக எண்ணாமல் அதையும் கேட்டு வாங்குங்கள்.