உங்களுக்குத் தெரியுமா? 3/4 என்றால் முக்கால் அல்ல

மேற்கத்திய இசைத்தாளின் தொடக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் 3, 4 என்ற எண்களைப் பலர் பின்னம் என்றே நினைக்கிறார்கள். மேலே உள்ள 3, ஒரு கட்டத்துக்கு (bar) எத்தனை தட்டு என்கிறது. கீழே உள்ள 4, முழு நீளச் சுரத்தின் கால் பங்கே ஒரு தட்டு என்கிறது.

நம் ஊர் உதாரணம் முத்துசுவாமி தீட்சிதரின் (1775–1835) நோட்டுஸ்வரங்கள். ஆங்கிலேயரின் பேண்டு மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் பாட்டு கட்டினார். ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டுதான்! அது 3/4, நம் கணக்கில் திஸ்ர ஏகம், அதாவது ஒரு தட்டு, இரண்டு விரல் எண்ணிக்கை.

முதல் கட்டம் ஸ ஸ ரி: ஆளுக்கு ஒரு தட்டு. இரண்டாவது கட்டம் நி ஸ ரி. இங்கே நி ஒன்றரை, ஸ அரை, ரி ஒன்று. கூட்டினால் அதே மூன்று. அந்த ஒன்றரையை மேல்நாட்டார் சுரத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக் காட்டுவார்கள். புள்ளி வந்தால் பாதி கூடும். சிக்கனமான ஏற்பாடு!

6/8-ஐ மட்டும் சுருக்கி 3/4 ஆக்கிவிடாதீர்கள். இரண்டிலும் முழு நீளச் சுரத்தின் எட்டில் ஒரு பங்கு நீளமுள்ள சுரங்கள் ஆறு அடங்கும்; ஆனால் 3/4 அவற்றை இரண்டிரண்டாகப் பிரிக்கும், 6/8 மும்மூன்றாகப் பிரிக்கும். கை தட்டிப் பாருங்கள், நடையே வேறு.